ஆறாத துணி

இடுப்பு மூட்டை மாற்றிய மூன்றாம் மாதம் டாக்டர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். குந்தக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. தாழ்வான நாற்காலியில் உட்காரக் கூடாது. இடுப்பை ஒரு அளவுக்கு மேல் மடக்கிக் குனியவே கூடாது. என்ன வேலை என்று கேட்டார். கட்டிங் மாஸ்டர் என்றேன். "பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பனியன் துணி வெட்டும் மேஜையை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதன் அந்தப் பக்கம் வரை சாக்பீஸ் கோடு இழுக்க வேண்டுமென்றால் பாதி உடம்பை மேஜைமேல் சாய்த்தாக வேண்டும். அப்படித்தான் இருபத்தாறு வருஷம் சாய்ந்திருக்கிறேன்.

எலும்புக்கு ரத்தம் போகவில்லை, அதனால் தேய்ந்துவிட்டது என்றார்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. மண்ணரைப் பகுதியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் மூன்று கம்பெனிக் கதவுகள் தெரியும். காலை எட்டரைக்கு மூன்றிலும் ஆட்கள் நுழைவதை வாசல் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். நொண்டுகிற மாஸ்டரை எவன் புதிதாக வேலைக்கு எடுப்பான்? பழைய மேஜை போனால் எனக்கு வேறு மேஜை கிடையாது. இந்தப் பயம் அறுத்த வலியைவிட மோசமாக இருந்தது.

"ஏனுங்க, இன்னொரு மாசம் ஊட்ல இருந்தாத்தான் என்னங்க?" என்றாள் மனைவி. அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள்.

"இன்னொரு மாசம் இருந்தா அப்பறம் ஊட்லயேதான் இருக்கோணும்" என்றேன். அன்று ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

ஆபரேஷனுக்குப் போகும்போது என் கத்திரியைத் துணியில் சுற்றி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். எங்களுடையது சின்ன யூனிட். சின்ன ஆர்டருக்கு இன்னமும் கைக்கத்திரிதான். மாஸ்டருக்கு மாஸ்டர் சொந்தக் கத்திரி. இன்னொருவர் கை அதில் படக் கூடாது. கத்திரியை விட்டுப் போனால் திரும்பி வருவேன் என்று அர்த்தம். திரும்பிப் போன அன்று முதலில் அதைத்தான் தேடினேன். சுற்றிய துணி சுற்றியபடி இருந்தது. எனக்குப் பதிலாக நின்ற பீகார்க்காரர் தன் கத்திரியில்தான் வெட்டியிருந்தார். நாற்பது வயதிருக்கும். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். அந்த மரியாதைக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மேஜையில் அவர் கை பழகிவிட்டதைப் பார்த்து வயிறுதான் எரிந்தது.

முதலாளி என்னைவிடச் சின்னவர். வெள்ளகோவில் பக்கம் தோட்டம் உள்ள குடும்பம். "வாங்க மாஸ்டர். இப்ப எப்பிடிங்க இருக்குது?" என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நிக்கோணுமின்னு அவசியமில்லீங்க. பீஸ் எண்ணிக் கட்டற எடத்துல உக்காந்துக்கங்களே" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. இன்னிக்கே லே போட்டு வெட்டிக் காட்டறனுங்க" என்றேன். லே என்பது துணியை அடுக்கடுக்காக விரிப்பது. அவர் என் காலைப் பார்த்தார். "செரிங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பல்லடம் போய்விட்டார்.

அன்று மதியம்தான் துணி வந்தது, இழுத்தால் நீளும் லைக்ரா கலந்தது. ரோலில் இறுக்கிச் சுற்றி வரும் அந்தத் துணியை உடனே வெட்டக் கூடாது. பிரித்து, தொளதொளவென்று மடித்து, ஒரு ராத்திரி ஆறப் போட வேண்டும். இழுபட்டிருந்த துணி அப்போதுதான் தன் அளவுக்கு வந்து சேரும். ஆறாமல் வெட்டினால் வெட்டிய பிறகு சுருங்கும். புதிதாக வந்தவர்கள் அவசரப்படும்போதெல்லாம் நான்தான் சொல்வேன், ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா என்று.

பீகார்க்காரர் துணியைத் தொட்டுப் பார்த்தார். "மாஸ்டர், துணி ரெஸ்ட் வேணும். நாளைக்கு வெட்டு."

"எனக்கே சொல்லித் தர்றீங்களாக்கும்?" என்றேன். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மதியத்துக்குள்ளேயே இடுப்பில் யாரோ ஆணி அடிப்பதுபோல் வலிக்க ஆரம்பித்திருந்தது. நாளைக்கு நிற்க முடியுமா என்பது எனக்கு நிச்சயமில்லை. நாளை வராமல் போனால், ஒரே நாளில் படுத்துவிட்டான் என்றுதான் பேச்சு வரும். இன்றைக்குள் வெட்டி முடித்தால் மேஜை என்னுடையது. புத்தியில் அது ஒன்றுதான் இருந்தது.

எதிர்ப்பக்கம் பீகார்க்காரர் பிடிக்க, லே போட்டேன். குனிய முடியாத இடத்தில் ஆபரேஷன் செய்த வலது காலைப் பின்னால் நீட்டி, ஒற்றைக் காலில் நின்று கோடு இழுத்தேன். கத்திரி ஓடிய சத்தம் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியினாலா சந்தோஷத்தினாலா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஆறரைக்கு எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள். நானாகக் கழற்ற முடியவில்லை.

மறுநாள் காலை நொண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது முதலாளி மேஜையருகே நின்றிருந்தார். பேட்டர்ன் என்கிற அளவு அட்டையைப் பீஸ்மேல் வைத்திருந்தார். சுற்றிலும் ஒரு இஞ்சு அட்டைதான் வெளியே தெரிந்தது. பெரிய சைஸுக்கு வெட்டியது ராத்திரியோடு ராத்திரியாக நடு சைஸாகிவிட்டிருந்தது. நூற்றுக்கணக்கான பீஸ். மாற்றுத் துணியும் இல்லை.

"ஆறப் போடாம வெட்டுனீங்களா?" என்று பீகார்க்காரரைக் கேட்டார். நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். "இத்தன நாளா பாக்கறீங்க, இதுகூடத் தெரியாதுங்களா? நாளைலருந்து நீங்க வேற பக்கம் பாத்துக்கங்க."

அந்த மனிதர் என்னைப் பார்க்கவே இல்லை. துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. அவர் போனால் மேஜைக்கு நான் ஒருவன்தான் மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டது. முதலாளி திரும்பி இரண்டு மூன்று அடி நடந்தும்விட்டார். அப்போதுதான் அந்த மனிதர் தன் கத்திரியை எடுத்துப் பழைய பனியன் ஒன்றில் சுற்ற ஆரம்பித்தார். விட்டுப் போவதற்காக அல்ல, கொண்டு போவதற்காக.

"நான்தானுங்க வெட்டுனது" என்றேன். "அவரு வேண்டாமுன்னுதான் சொன்னாரு."

முதலாளி கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். கொஞ்ச நேரம் என் இடுப்பையே பார்த்துவிட்டு, "ஒடம்புதானுங்க முக்கியம் மாஸ்டர். நீங்க உக்காந்துக்கங்க" என்றார். அவரே போய்ப் பீஸ் எண்ணும் மூலையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நாற்காலி தாழ்வாக இருந்தது. அதில் உட்கார்ந்தால் மூட்டு நழுவும் என்று டாக்டர் கொடுத்த தாளில் இருந்தது. அதை முதலாளியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன்.

பீகார்க்காரருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. கத்திரியை மேஜைமேல் திரும்ப வைத்துவிட்டு, நான் வெட்டிக் கெடுத்த பீஸ்களில் நான்கு கட்டுகளை அள்ளி வந்தார். நாற்காலியில் அடுக்கி, மேலே உள்ளங்கையால் அமுக்கி உயரம் பார்த்தார். இன்னொரு கட்டும் வைத்தார்.

"உக்காருங்க மாஸ்டர்" என்றார்.

உட்கார்ந்தேன். உயரம் சரியாக இருந்தது.