கோபர்க் வீட்டுப் பதக்கங்கள்

வெள்ளிக்கிழமை, காலை

1977 ஈஸ்டர் விடுமுறையின் முதல் நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு சிட்னியின் புறநகரான லிட்கம்மில் இருந்து புறப்பட்டோம். கார் என்னுடையது, எட்டு வயதான ஹோல்டன். பக்கத்தில் டொக்டர் ராகவன். அவர் காலடியில் என் மனைவி பவானி கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் இருந்தன. டொக்டர் திருச்சிக்காரர், சைவம். அவருக்காக மாசிக் கருவாடு சேர்க்காத சம்பல் தனியாக ஒரு போத்தலில் இருந்தது. பெரிய வெள்ளி அன்று வழியில் ஒரு கடையும் திறந்திருக்காது என்று பவானி சொல்லியிருந்தாள். உண்மைதான். கோல்பர்ன் வரைக்கும் ஒரு தேநீர் கூடக் கிடைக்கவில்லை.

சிட்னியில் இருந்து மெல்பேணுக்கு ஹியூம் நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 880 கிலோமீற்றர். வீதிப் பலகைகள் எல்லாம் கிலோமீற்றருக்கு மாறிவிட்டன. என் காரின் மானி மட்டும் மைலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் எவ்வளவு?" என்று டொக்டர் கேட்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

எங்கள் பயணத்தின் காரணத்தைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். நாங்கள் இருவரும் அமெரிக்கக் கலைப் பதக்கங்கள் சேர்ப்பவர்கள். இராணுவத்தினர் நெஞ்சில் குத்திக்கொள்ளும் பதக்கங்கள் அல்ல இவை. உள்ளங்கை நிறையும் அளவில் கனமான வெண்கல வட்டங்கள். ஒரு பாலம் திறந்ததற்கு, ஒரு நகரத்துக்கு நூறு வயதானதற்கு, நல்ல ஆப்பிள் வளர்த்த விவசாயிக்கு என்று நல்ல சிற்பிகளைக் கொண்டு செய்வித்தவை. டொக்டர் அமெரிக்காவில் படித்த நாட்களில் இந்தப் பித்து அவருக்குப் பிடித்தது. நான் ரயில்வேயில் வரைபடம் கீறுகிறவன். ஒரு சனிக்கிழமைச் சந்தையில் பழைய பதக்கம் ஒன்றுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டியபோதுதான் பழக்கமானோம். அவுஸ்திரேலியாவில் கைக்கு அகப்படும் அமெரிக்கப் பதக்கங்களுக்கெல்லாம் விபரப் பட்டியல் ஒன்று செய்வது எங்கள் ஆசை.

மெல்பேண் பத்திரிகை ஒன்றில் மூன்று வரி விளம்பரம் வந்திருந்தது. காலமான கணவரின் அமெரிக்கப் பதக்கங்கள், நூற்றுக்கு மேல், மொத்தமாக விற்பனைக்கு. டொக்டர் உடனே தொலைபேசியில் பேசி நாள் குறித்துவிட்டார்.

யாஸ் தாண்டியதும் அவர் சொன்னார்: "சிவம், அந்தத் தொழிலாளி மெடல் அங்க இருந்துச்சுன்னா அது எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

"ஓம் டொக்டர். அது உங்களுக்குத்தான். இதை நீங்கள் காம்டனைத் தாண்டேக்கயும் சொன்னனீங்கள்."

அவர் சொன்ன பதக்கத்தை அமெரிக்காவில் அவருடைய பேராசிரியரின் மேசையில் கண்டிருக்கிறார். காகிதங்கள் பறக்காமல் இருக்க அதைப் பாரமாக வைத்திருந்தாராம் அந்த மனிதர். உயர்ந்த கட்டடம் ஒன்றின் இரும்பு உத்திரத்தில் உட்கார்ந்து, கீழே நகரத்தைப் பார்க்கும் ஒரு தொழிலாளியின் உருவம். அதைக் கேட்டு வாங்க டொக்டருக்கு அன்றைக்குத் துணிவு வரவில்லை. பிறகு எங்கே தேடியும் இன்னொன்று அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை, மாலை

குண்டகாய் அருகே ஆற்றங்கரை மரங்கள் மஞ்சளாகி நின்றன. அங்கே நிழலில் காரை விட்டு ரொட்டி சாப்பிட்டோம். ஆல்பரியில் மறே ஆற்றைக் கடந்தால் விக்டோரியா. ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போவதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, ஆற்றில் நீந்திய வாத்துகள் உட்பட. ஒற்றைத் தடப் பாதையில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, இருட்டும் நேரத்தில் மெல்பேணை அடைந்தோம்.

மெல்பேணுக்குள் நாங்கள் நுழைந்த வீதியின் பெயர் சிட்னி வீதி. டொக்டருக்கு அது பெரிய வேடிக்கை. "இவ்வளவு தூரம் வந்து கடைசில சிட்னிக்கே வந்துட்டோமா?" என்றார். நடுவில் டிராம் ஓடியது. சிட்னியில் டிராம்களை எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்பதால், அதன் மணிச் சத்தத்தை நான் ஒரு புதுமையாகக் கேட்டேன். மோட்டலில் இருவருக்குமாக ஓர் அறை, ஓர் இரவுக்குப் பதினாறு டொலர்.

சனிக்கிழமை

கோபர்க்கில், சிட்னி வீதியில் இருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, பச்சை வர்ணம் அடித்த பலகை வீடு. கதவைத் திறந்த டொரத்திக்கு அறுபது வயது இருக்கும். யுத்த காலத்தில் தாதியாக இருந்தவர். மெல்பேணுக்கு வந்த அமெரிக்கப் படை அலுவலக எழுத்தர் வால்ட்டரை மணந்து, யுத்தம் முடிந்தபின் இந்த வீட்டிலேயே வாழ்ந்திருக்கிறார். வால்ட்டர் இறந்து இரண்டு வருடம். டொரத்தி பேசியது ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன்.

"தேநீர் முதலில், பதக்கம் பிறகு" என்றார். ஈஸ்டருக்கே உரிய சிலுவைக் கீறல் போட்ட பன்களைச் சுடச்சுட வைத்தார். டொக்டரின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "ராகா" என்று கூப்பிட்டார். டொக்டர் அதைத் திருத்தவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய போர்வையை விரித்து, தட்டுத் தட்டாகப் பதக்கங்களைக் கொண்டுவந்து அடுக்கினார். உட்காரும் முன் ஒன்றைச் சொன்னார்.

"இதில் ஏதோ ஒன்றில் தான் இருப்பதாக வால்ட்டர் சொல்வார். இளவயதில் நியூயோர்க்கில் ஒரு சிற்பிக்கு மாதிரியாக இருந்தாராம். விருந்துகளில் இரண்டு கிளாஸ் பியர் உள்ளே போனால் இந்தக் கதை வெளியே வரும். நான் எல்லாருக்கும் முன்னால் சிரிப்பேன். அவர் போன பிறகு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஜனாதிபதிகள், பாதிரிமார், ஒரு பரிசு மாடு. என் வால்ட்டர் இல்லை. அதனால்தான் விற்கிறேன்."

நாங்கள் வேலையைத் தொடங்கினோம். டொக்டர் பூதக்கண்ணாடியுடன் பார்த்துச் சொல்ல, நான் அட்டைகளில் எழுதினேன். முன்பக்கம், பின்பக்கம், எழுத்துகள், சிற்பியின் குறி, விளிம்பில் உள்ள முத்திரை. அகலத்தையும் தடிப்பையும் வேலையிடத்தில் இருந்து கொண்டுவந்த கருவியால் அளந்தேன். பரிசுப் பதக்கங்களில் பெற்றவரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். ரோஜா வளர்த்தவர், மேடைப் பேச்சில் வென்ற மாணவி, நீரில் விழுந்தவரைக் காப்பாற்றிய படகோட்டி. ஒன்றிரண்டில் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. பரிசு கொடுக்கப்படாமலே போனவை அவை. அவற்றை எழுதும்போது எனக்கு ஏனோ கொஞ்சம் மனம் கனத்தது.

மாலையில் பாதிதான் முடிந்திருந்தது. டொரத்தி வாசல் வரைக்கும் வந்து, "நாளைக்கும் வாருங்கள். இந்த வீட்டில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டு நாளாச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

மதியத்துக்குச் சற்று முன்பு, கடைசித் தட்டில் அது இருந்தது.

டொக்டரின் கை நின்றுபோனதைக் கண்டுதான் நான் நிமிர்ந்தேன். ஒரு பக்கத்தில் முகில்களுக்குள் எழும் கட்டடம். மறுபக்கத்தில் உத்திரத்தில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி. அவன் நகரத்தைப் பார்க்கிறான், நாங்கள் அவன் முதுகைப் பார்க்கிறோம். சட்டை இல்லாத முதுகு. தசைகள் ஒவ்வொன்றும் உயிரோடு இருப்பதுபோல் வெண்கலத்தில் எழும்பி நின்றன. டொக்டர் எத்தனை தடவை வர்ணித்திருந்தும், இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எண்ணவில்லை.

"வாழ்த்துகள் டொக்டர்" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை நெருக்கிப் பிடித்து, தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இங்க பாருங்க. இடது தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி வெளிய துருத்திக்கிட்டு இருக்கு. பழைய அடி. நரம்பு போயிருக்கும். கற்பனையில செய்யிற சிற்பி இப்படிச் செய்யவே மாட்டான். ஒரு ஆளை உக்கார வச்சு, பாத்துச் செஞ்சிருக்கான்."

பதக்கத்தைப் போர்வையில் வைத்தார், திரும்ப எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு எழுந்து பின்கதவைத் திறந்து, எலுமிச்சை மரத்தடியில் போய் நின்றார். குசினியில் டொரத்தி கேத்திலுக்குத் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. டொக்டரின் மனதில் என்ன ஓடுகிறது என்பது எனக்குப் புரிந்தது. சொன்னால் டொரத்தி அதை விற்கமாட்டார். அவர் வாய் திறக்காவிட்டால் நானும் திறக்க வேண்டியதில்லை. அவர் நினைத்தது தவறாகவும் இருக்கலாம். தோளில் அடிபட்ட தொழிலாளிகள் நியூயோர்க்கில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்.

தேநீர்க் கோப்பைகளுடன் டொரத்தி வந்தபோது டொக்டரும் உள்ளே வந்தார். உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"உங்கள் கணவருக்குத் தோளில் எப்போதாவது அடிபட்டதா?"

டொரத்தி தட்டை மேசை விளிம்பில் வைத்தார். "இடது தோள். சின்ன வயதில் ஏணியில் இருந்து விழுந்தவர். குளிர் வந்தால் கையைத் தூக்கமாட்டார். ஏன் கேட்கிறாய், ராகா?"

டொக்டர் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார். பூதக்கண்ணாடியையும் நீட்டினார். டொரத்தி கண்ணாடியை வாங்கவில்லை. கண்ணாலும் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். பெருவிரலை அந்த முதுகில் வைத்து, கழுத்தில் இருந்து இடது பக்கமாக மெல்ல இறக்கினார். அந்த எலும்பின் மேட்டில் விரல் நின்றது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம்.

"இந்த இடத்தில்தான் தைலம் தேய்ப்பேன்" என்றார். "ஒவ்வொரு குளிர்காலமும். இந்த இடத்தில்தான்."

பிறகு கதிரையில் உட்கார்ந்தார். நாங்கள் தேநீரைத் தொடவில்லை.

"நான் முகத்தை அல்லவா தேடினேன்" என்றார். சற்றுப் பொறுத்துக் குரல் மாறியது. கோபம் என்றே நினைத்தேன். "அவர் காட்டியிருக்கலாமே! எழுந்து போய், தட்டில் இருந்து எடுத்து, இதோ பார் டொரத்தி என்று ஒரு தடவை காட்டியிருக்கலாமே. எத்தனை பேருக்கு முன்னால் சிரித்தேன். ஏன் காட்டவில்லை?"

டொக்டர்தான் சொன்னார்: "காட்டாமலே நீங்கள் நம்ப வேண்டும் என்று நினைத்திருப்பார்."

டொரத்தி அவரை நெடுநேரம் பார்த்தார். "பிடிவாதக்காரன்" என்றார். அது வால்ட்டரைத்தான். அப்போதுதான் அழுதார்.

அந்தப் பதக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும், முதலில் பேசிய விலைக்கே எங்களுக்குத் தந்தார். டொரத்தி வைத்துக்கொண்ட அந்த ஒன்றுக்கும் ஓர் அட்டை எழுதச் சொன்னார் டொக்டர். அகலம், தடிப்பு, உலோகம் எல்லாம் எழுதினேன். உருவத்தின் பெயர் என்ற இடத்தில், எங்கள் பட்டியலிலேயே முதல் தடவையாக, ஜனாதிபதியோ தளபதியோ பாதிரியாரோ அல்லாத ஒருவரின் பெயரை எழுதினேன்.

திங்கட்கிழமை

திரும்பும் வழியில் சீமோர் ஊரைத் தாண்டினோம். பெட்டிகள் பின் ஆசனத்தில் குலுங்கிக்கொண்டு வந்தன.

"கேக்காம இருந்திருக்கலாம்னு தோணிச்சு சிவம்" என்றார்.

"தெரியும். மரத்தடியில நிக்கேக்க கண்டனான். பிறகு ஏன் கேட்டனீங்கள்?"

"கேட்டாச்சு. விடுங்க." கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பிறகு, "எனக்கு அது முதுகு. அவங்களுக்கு அது வால்ட்டர்" என்றார்.

விடுமுறை முடிந்து திரும்பும் வாகனங்களால் வீதி நிறைந்திருந்தது. வழியில் ஒரு கடையில் டொக்டர் பாலாடைக்கட்டி சாண்ட்விச்சும், நான் நாற்பது சதத்துக்கு இறைச்சி அடைத்த ஒரு பேஸ்ட்ரியும் சாப்பிட்டோம். பொழுது சாயும் நேரம் அவரை அவர் வீட்டில் இறக்கிவிட்டு லிட்கம்முக்கு வந்தேன்.

பவானி சோறு போட்டாள். சாப்பிட்டபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இன்று நினைத்தால் அந்தச் சின்னக் குசினியும், மஞ்சள் பூப் போட்ட மேசை விரிப்பும், கன்னத்தில் கை வைத்து அவள் கேட்டுக்கொண்டிருந்த விதமும்தான் மெல்பேணைவிடத் தெளிவாக ஞாபகத்தில் நிற்கின்றன. டொக்டருக்கு அது கிடைக்காமல் போனதில் அவளுக்கு வருத்தம். ஆனால் டொரத்தியின் பெருவிரல் அந்த எலும்பில் நின்ற இடத்தைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டாள்.

சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவத் தொட்டிக்குப் போனேன்.

"முதுகை மட்டும் பாத்து ஆள் ஆரெண்டு சொல்லேலுமோ எண்டு முதல்ல யோசிச்சனான்" என்றாள் பின்னால் இருந்து.

"பிறகு?"

"உங்கட முதுகெண்டா நான் சொல்லுவன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுவி முடித்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றேன்.