நல்ல பீஸுக்கு ரீவொர்க்

எங்கள் வீட்டில் அந்த விளையாட்டுக்கு நான்தான் கியூசி. கம்பெனியில் சரக்கைச் சோதித்துப் பாஸ் போடுகிறவருக்கு அப்படிப் பெயராம். யார் எறிந்த பகடை செல்லும், யாருடையது செல்லாது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை. மூன்றாம் வகுப்பு படிக்கிறவளுக்கு அது என்ன சாதாரணப் பதவியா?

பதவியைக் கொடுத்தவர் சித்தப்பா. ஒரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தார். அங்கே மெஷின் மாட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பெட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே விரல் உயரத்துக்கு இரண்டு கட்சிச் சிப்பாய்கள், கட்சிக்கொரு கொடி பிடித்த கேப்டன், ஒரு பகடை. விதிப் புத்தகமும் இருந்தது. எந்த நாட்டு எழுத்தோ, கோழி கிளறின மாதிரி இருந்தது. படத்தைப் பார்த்தே ஆட்டத்தை ஒப்பேற்றினோம். பகடையில் நாலோ அதற்கு மேலோ விழுந்தால் எதிராளியின் ஆள் காலி. கேப்டன் மட்டும் இன்னொரு தரம் எறியலாம் என்று ஒரு படம் சொன்னது. எப்போது எறியலாம் என்று எந்தப் படமும் சொல்லவில்லை.

அதில் தினமும் சண்டை. நினைத்தபோது எறியலாம் என்பாள் அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கடைசித் தங்கை அவள். ஒரு நாள் சித்தப்பா கம்பெனிச் சட்டத்தையே கொண்டுவந்தார்.

"ரிஜெக்ட் ஆன பீஸுதான் ரீவொர்க்குக்குப் போவும். அதுவும் ஒரே தபா. அடுத்த ஆள் கைக்குப் போயிட்ச்சுனா அவ்ளோதான். கியூசி, புரிஞ்சுதா?"

புரிந்தது. கேப்டன் மறுபடி எறிவதுதான் ரீவொர்க். பகடை சொதப்பினால் மட்டும், எதிராளி அதைத் தொடுவதற்குள், ஆட்டத்துக்கு ஒரே முறை. வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்குச் செல்போன் கம்பெனியில் லைன் வேலை கிடைத்தது. அப்பா கூடவே கூடாது என்றார். ஷிப்டுக்குப் போகிற பெண்ணை எவன் கட்டுவான் என்பது அவர் கவலை. அத்தை சாப்பிடாமல் அழிச்சாட்டியம் செய்தாள். அண்ணனிடம் எதிர்த்துப் பேசியே அறியாத சித்தப்பா, அப்பா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார்.

"வல்லக்கோட்டைல பூ கட்டிப் போட்டுப் பாத்துரலாம். முருகன் இன்னா சொல்றாரோ அதான்" என்றார் அப்பா.

"அதுக்கு எதுக்கு அவர தொந்தரவு பண்ற? வூட்லயே பகடை கீது. சின்னண்ணன் உன் பக்கம் ஆடட்டும். நான் ஜெயிச்சா வேலைக்குப் போறேன்" என்றாள் அத்தை.

சித்தப்பாவை அவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அப்பா சிரித்துக்கொண்டே முருகன்மேல் ஆணையாக ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்ட கையோடு ஆட்டம் தொடங்கியது. வெயில் தாழும்போது இரண்டு கேப்டன்கள் மட்டுமே மிச்சம். சித்தப்பா எறிந்தார். ஆறு! போச்சு, அத்தையின் வேலை போச்சு. அவள் முகத்தைப் பார்த்து எனக்கே அழுகை முட்டியது. பதவியில் இருப்பவள் அழக்கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

"இரு இரு, ரீவொர்க்" என்று சித்தப்பா பகடையை மறுபடி எடுத்து எறிந்தார். இரண்டு.

எனக்குத் தலை சுற்றியது. "சித்தப்பா! ஆறு நல்ல பீஸு! அத எதுக்கு ரீவொர்க் பண்ற?"

"கேப்டன் போட்டா ரெண்டாவது தபா போட்டே ஆவணும்."

"பொய்! அப்டி ரூலே கெடயாது!"

பாயில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார். "இன்னாடா, கொழந்த இன்னா சொல்லுது?"

"அதுக்கு இன்னா தெரியும்ணா, சும்மா கத்திகினு கீது" என்றார் சித்தப்பா, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். நியாயம் பேசினவளுக்குக் கிள்ளு! நான் வீறிட்டு அழ, அந்தச் சத்தத்தோடு சத்தமாக அவள் பகடையை எறிந்தாள். ஐந்து. சித்தப்பாவின் கேப்டன் காலி.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தோற்றுப்போன சித்தப்பாவோ ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தை வேலைக்குப் போன முதல் நாள், அவளுடைய சாப்பாட்டுப் பையை வேன்வரை தூக்கிக்கொண்டு நடந்தவர் சித்தப்பாதான். வேன் கிளம்பியதும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இப்ப சொல்லு. ரீவொர்க் எப்பதான் பண்ணலாம்?"

"தேவப்பட்டா பண்ணலாம்" என்றார், வேன் போன ரோட்டைப் பார்த்தபடியே.

இதெல்லாம் ஒரு ரூலா? யாருக்குத் தேவைப்பட்டால் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தான் போட்ட ரூலே தனக்குத் தெரியாத ஆளிடம் வேலை பார்க்க முடியாது என்று அன்றே கியூசி பதவியை ராஜினாமா செய்துவிட்டேன்.