குறைந்தாலும் ஏன் என்று கேட்டவர்

என்னோடு வேலை பார்த்த சரோஜாவின் போன் வந்தபோது நான் வல்லம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் பாதிதான் காதில் விழுந்தது.

“பெரியம்மா, கணக்கு சார் பூட்டாரு.”

“எங்க பூட்டாரு? ஊருக்கா?”

“அய்ய, செத்துப் பூட்டாரு பெரியம்மா. வயித்துல கட்டியாம். பாக்கும்போதே முத்திப் போச்சாம். ஊருக்கு எடுத்துக்கினு போறாங்க.”

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போய்விட்டாரே இந்த மனுஷர் என்ற கோபம். மூன்று வருஷமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். நாற்பத்தெட்டு வயதில் அவர் போவார், அறுபத்து நாலு வயதில் நான் இருப்பேன் என்று யார் கண்டார்கள்?

நம் யூனிட்டில் வேலை செய்தவர்கள் சேர்ந்து அவர் படத்தோடு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். “நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க அம்சாம்மா” என்றார்கள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நல்லதாக எழுதத் தெரியாது. நடந்ததை எழுதத் தெரியும். அதில் ஒரு நாளும் மறக்கவில்லை.

கணக்கு சார் என்று நாங்கள் கூப்பிட்ட சுடலைமணி சாரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுடையது கார் சீட்டுக்கு உறை தைக்கிற சின்ன யூனிட். ஒரகடத்தில் இருக்கிற பெரிய கம்பெனிக்கு அனுப்புவோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு காகிதம் வரும். இத்தனை உறைக்கு இத்தனை மீட்டர் ரெக்சின், இத்தனை பசை, தைக்க இத்தனை நிமிஷம் என்று அதில் இருக்கும். வேலை முடிந்ததும் உண்மையில் எவ்வளவு செலவானது என்று பக்கத்தில் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் எழுதி ஆர்டரை மூட வேண்டும். அதுதான் அவர் வேலை. அவருக்கு முன்னால் இருந்தவர் எல்லா ஆர்டருக்கும் ‘இதர காரணங்கள்’ என்று எழுதி, மாசக் கடைசியில் ஒரே மூச்சில் மூடிவிட்டு வீட்டுக்குப் போவார். யாருக்கும் தொந்தரவு இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இவர் வந்தார். தொந்தரவும் கூடவே வந்தது. “இதரன்னு ஒரு காரணம் உலகத்துலயே கெடையாதுக்கா” என்பார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக வந்து நிற்பார். நூல் ஏன் கூடியது, ஊசி ஏன் கூடியது என்று கேட்பார். சாப்பாட்டு மணி அடித்தாலும் நகர மாட்டார். “ஏன் சார், நீ சாப்புட மாட்டியா?” என்று சரோஜா கேட்டால், “ஊசி கணக்கு முடியட்டும்மா, சாப்பிடுதேன்” என்பார். அதற்குள் அவள் சோறு ஆறிவிடும்.

கூடினால் கேட்கிறார், சரி. குறைந்தாலும் கேட்பார். அதுதான் எரிச்சல். ஒரு தடவை பசைச் செலவு நன்றாகக் குறைந்துவிட்டது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். சூப்பர்வைசர் அன்பரசு எல்லோருக்கும் சமோசா வாங்கிவர ஆள் அனுப்பினான். சுடலைமணி சார் மட்டும் பசை ஒட்டுகிற இடத்தில் குந்திக்கொண்டார். “பசை ஏன் குறைஞ்சுது?”

“குறைஞ்சா நல்லதுதானே சார்? இதுக்குப் போயி இன்னா பேஜாரு?” என்றான் அன்பரசு.

“கூடினா ஊரே கேக்கும். குறைஞ்சா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதனால நான் கேக்கேன்.”

பசை டப்பாவிலிருந்த பிரஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மயிரெல்லாம் உதிர்ந்து குச்சிதான் மிச்சம். புது பிரஷ் கேட்டால் திட்டுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. குச்சியால் தடவினால் பசை குறையத்தானே செய்யும்? ரெக்சினில் ஒட்டிய பஞ்சை விரலால் நெம்பினார், தோல் மாதிரி உரிந்து வந்தது. அன்றைக்கு வண்டியில் ஏற்றியதையெல்லாம் இறக்கினோம். சமோசா வந்தது, யாரும் சந்தோஷமாகச் சாப்பிடவில்லை.

இதெல்லாம் மற்றவர்களுக்கு நடந்தபோது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு என் மேஜைக்கு வந்தார்.

நான் துணி வெட்டுகிறவள். ரெக்சினை மடிப்பு மடிப்பாக விரித்து, அளவு அட்டையை மேலே வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவது என் வேலை. மூன்று வருஷத்துக்கு முந்தி ஆயுத பூஜை முடிந்து யூனிட் திறந்த அன்று அன்பரசு என் மேஜைக்கு வந்தான். “அம்சாம்மா, அட்டைக்கு வெளிய அர வெரக்கட வுட்டு வெட்டு. தைக்கசொல்லோ ஓரம் நழுவிக் கிழியுது” என்றான். வெட்டினேன். அவன் வாயால் சொன்னான், நான் காதால் கேட்டேன். காகிதத்தில் இருந்த மீட்டர் மட்டும் பழைய மீட்டராகவே இருந்தது. எங்கள் பக்கத்தில் சூப்பர்வைசர் சொன்னால் அதுதான் சட்டம். எழுதிக் கொடு என்று யார் கேட்பது?

அடுத்தடுத்த மூன்று ஆர்டரிலும் ரெக்சின் கூடுதலாகச் செலவாகியிருந்தது. சுடலைமணி சார் முதலாளிக்கு ஒரு தாள் கொடுத்தார். ‘வெட்டும் இடத்தில் அதிகமாகிறது’ என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து எல்லோரும் வெளியே போகிற நேரத்தில், கேட்டில் என் பையைத் திறந்தார்கள். எத்தனையோ பேரில் என் பையை மட்டும். தூக்கு, வெற்றிலைப் பொட்டலம், கண்ணாடிக் கூடு, கடைசியில் பையின் அடியில் நான் தைத்திருந்த ஒரு ரெக்சின் ஒட்டு. அது பழைய முதலாளி கழிவிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்ன துண்டு. அந்தப் பெரியவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார், அவரும் இல்லை. வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் அந்த ஒட்டைப் பார்த்தார்கள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. யார் யார் நின்றார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

மறுநாள் காலையில் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

“இன்னா சார், என்ன திருடின்னு எழுதினியா?”

“திருடுன்னு எழுதலக்கா. வெட்டுற எடத்துல கூடுதுன்னு எழுதுனேன்.”

“ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்?”

“அதத்தான்க்கா தேடுதேன்.”

அன்பரசு அரை விரற்கடை விடச் சொன்னதைச் சொன்னேன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். “நான் எப்போ சொன்னேன்?” என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “பூசணிக்கா ஒடச்ச கறை வாசல்ல காயக்கூட இல்ல. மிஷின்ல வெச்ச பொட்டு ஒன் சட்டையில ஒட்டினு இருந்துச்சி. என் டம்ளர்ல டீ வாங்கிக் குடிச்சிட்டு, கழுவாம வெச்சிட்டுப் போன. இப்ப எப்போன்னு கேக்குற?” என்றேன்.

அன்பரசு தலையைத் திருப்பிக்கொண்டான். சுடலைமணி சார் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “நெனப்பு காகிதம் ஆவாதுக்கா.”

அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். அவர் இருந்தபோது முகத்துக்கு நேரேயும் சொன்னேன்.

பதினோரு நாள் அந்த ஆர்டர்கள் மூடப்படவில்லை. மாசக் கடைசி தாண்டியது. முதலாளி கத்தினார். சார் மேஜைக்கு அன்பரசு வந்தான். “இதரன்னு போட்டு மூடுங்க சார். அம்சாம்மாவை மேஜைலேர்ந்து எடுத்துடுறேன், முடிஞ்சுது” என்றான். ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். நான் மட்டும் சாகிறவரைக்கும் துணி திருடிய அம்சாவாக இருந்திருப்பேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்வாரா? மாட்டார். வருவார், என் அட்டையை அளப்பார், போவார். திரும்ப வருவார், கழிவு மூட்டையை எடை போடுவார், போவார். பதினோரு நாளும் நான் சோறு இறங்காமல் கிடந்தேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் சார் என்னையும் அன்பரசுவையும் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு தாள். ஒன்று துணிக்கு, ஒன்று தையல் நேரத்துக்கு.

“எந்த ஆர்டர்ல துணி கூட ஆரம்பிச்சிதோ, அதே ஆர்டர்லதான் தையல் நேரம் குறைய ஆரம்பிச்சிருக்கு. துணிய களவாண்டா துணிதான் போவும். தைக்கிற நேரம் ஏன் குறையணும்?”

தையல் நேரத்தைக் குறைத்ததற்காக அன்பரசுவுக்கு அந்த மாசம் கைதட்டல் கிடைத்திருந்தது. படமெடுத்துச் சுவரில்கூட மாட்டியிருந்தார்கள். துணி கூடியது என் தலையில், நேரம் குறைந்தது அவன் கழுத்தில் மாலையாக. இரண்டும் ஒரே கத்தி செய்த வேலை என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சார் ஒரு தைத்த உறையை எடுத்து உட்புறம் திருப்பினார். தையலைப் பிரித்தார். கோட்டுக்கு வெளியே ஓரம் முழுக்க அரை விரற்கடை கூடுதல். ஸ்கேலை வைத்துக் காட்டினார். ஒரு உறைக்கு இவ்வளவு, மொத்த உறைக்கு இவ்வளவு என்று பெருக்கினார். காணாமல் போன மீட்டர் அப்படியே வந்தது. “துணி எங்கயும் போவலீங்க. தைச்ச உறைக்குள்ளதான் இருக்கு. ஓரம் நழுவாததால பொம்பளைங்க வெரசாத் தைச்சிருக்காங்க. இது நல்ல முடிவுதான். காகிதத்துல ஏத்தாததுதான் தப்பு.”

“ஆமா சார், சொன்னேன்னு நெனைக்கிறேன்” என்றான் அன்பரசு. நினைக்கிறானாம்!

காரணம் எழுதுகிற இடத்தில் சார் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். ‘வாய்மொழியாக மாற்றிய அளவு பட்டியலில் ஏற்றப்படவில்லை. வெட்டும் இடத்தில் தவறில்லை. அம்சா சொன்னது சரி.’ எழுதி, ஆர்டர்களை மூடினார்.

“இத்த கேட்டுல நின்னு சொல்லு சார். பைய தொறந்த எடத்துல சொல்லு.”

“எழுதிட்டேன்லாக்கா.”

“எழுதினத யாரு படிக்கிறா?”

அவருக்குப் புரியவே இல்லை. காகிதத்தில் சரியாகிவிட்டால் உலகத்திலும் சரியாகிவிட்டது என்று நினைக்கிற மனுஷர். கேட்டில் நின்ற பெண்களுக்கு அந்தத் தாள் எங்கே தெரியும்? அன்றைக்கே முடிவு செய்தேன். அவர் வாயால் சொல்கிறவரைக்கும் வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு இல்லை. அவர் ‘சாப்பிட்டீங்களாக்கா’ என்று கேட்டாலும் நான் ரெக்சினைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று வருஷம். சபதம் என்றால் சபதம்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

கண் மங்கி, பொங்கலோடு நான் வேலையை விட்டேன். அதற்கு முந்தின சில மாசமாகவே அவர் இளைத்துக்கொண்டு வந்தார். “சார் ஸ்மார்ட் ஆயிட்டாரு” என்று முதலாளி முதல் வாட்ச்மேன் வரைக்கும் சொன்னார்கள். “நடக்கேன்லா” என்று அவரும் சிரித்தார். எனக்குக் கண் மங்கினாலும் அளவு மங்கவில்லை. அவர் சட்டையின் தோள் தையல் முதலில் ஒரு விரற்கடை இறங்கியது. தீபாவளிக்குள் இரண்டு. நடக்கிறவனுக்குத் தொப்பை குறையும், தோள் எலும்பு ஏன் குறைய வேண்டும்? எனக்குத் தெரிந்தது. என் மேஜைக்கு எதிரில் நின்று ரெக்சின் மீட்டரைக் குறித்துக்கொண்டிருந்தார். ‘இன்னா சார், ஏன் இப்படி எளைச்சிட்ட?’ என்று கேட்க எனக்கு ஒரு நொடி போதும். கேட்கவில்லை. முதலில் அவர் பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

பசை குறைந்தால் குந்திப் பார்க்கிற மனுஷர் தன் உடம்பு குறைந்ததை ஏன் கேட்கவில்லை? எத்தனை ஆத்திரப்பட்டாலும் இதற்கு விடை கிடைக்கவில்லை. நான் கேட்காததற்கு மட்டும் விடை தெரியும். அதை இதர காரணம் என்று எழுத முடியாது.

சார், நீங்கள் கேட்டில் சொல்லாததை இங்கே நானே எழுதிவிட்டேன். துணி உறைக்குள்தான் இருந்தது. அன்றைக்கு வரிசையில் நின்ற எல்லோரும் படித்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்கு இத்தோடு சரி.

உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. நேற்று சரோஜா இந்தப் புத்தக விஷயமாக வீட்டுக்கு வந்தாள். “சரோஜாக்கா, நல்லா எளைச்சி கல்யாணப் பொண்ணு மாதிரி கீற” என்றாள் என் மருமகள். சரோஜாவும் சிரித்துக்கொண்டே ரவிக்கையைத் தோளில் இழுத்துவிட்டாள். அது திரும்பவும் நழுவியது.

“ஏன்டி எளைச்ச?”

“சும்மாதான் பெரியம்மா.”

“சும்மான்னு ஒரு காரணம் கெடையாது. எத்தினி மாசமா?”

“இன்னா பெரியம்மா, கணக்கு சார் மாதிரி கொடையிற!”

கோபித்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொள்ளட்டும். திங்கட்கிழமை காலையில் அவளைத் தண்டலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வரமாட்டேன் என்கிறாள். அவள் வீட்டு வாசலில் போய்க் குந்திக்கொள்வேன். காரணம் தெரிகிறவரைக்கும் இந்தக் கணக்கை மூட விடமாட்டேன்.