‘சேகரிக்கப்பட்டது’ என்று எழுத மாட்டேன்

எங்கள் ஊர்ப் பிள்ளையாரைச் சுற்றிக் கற்கள் குவிந்து கிடக்கும். கையளவு நீளம், ஒரு முனை தட்டையாகக் கூர்மை, மறுமுனை மழுங்கல், தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கருநிறக் கற்கள். கொல்லை என்று நாங்கள் சொல்லும் மேட்டு நிலத்தில் சாமைக்கு உழும்போது ஏர்க்கொழுவில் தட்டுப்பட்டால் யாரும் அதை வரப்பில் வீசிவிட மாட்டார்கள். கழுவிக் கொண்டுவந்து பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

முதுகலை படிக்க ஏற்காட்டு மலையை விட்டு இறங்கிய பிறகுதான், அவை உலோகம் அறியாத காலத்து மனிதர்களின் கோடரிகள் என்று எனக்குத் தெரிந்தது. தொல்லியல் வகுப்பில் படம் காட்டினார்கள். நான் எழுந்து, “இது எங்க ஊர்க் கோயில்ல கூடை கூடையா கெடக்குதுங்க சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. பாடம் நடத்திய பேராசிரியர் சிரிக்கவில்லை. எந்த ஊர், எந்த வழி, எந்த பஸ் என்று கேட்டு எழுதிக்கொண்டார். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அவரே எனக்கு நெறியாளர் ஆனார்.

அகழாய்வுக் குழிகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். ஒரு பானை ஓடு கிடைத்தால் அது எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பதுதான் அவருக்கு முக்கியம். அந்த விவரம் இல்லாத பொருள் அவருக்கு ஊமை. கொட்டச்சேடு கிராமத்தைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்து, குவியலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“அழகா இருக்கும்மா. ஆனா ஆராய்ச்சிக்கு உதவாது. எல்லாம் இடம் மாறினது. பக்தியில நல்லது பண்றதா நெனச்சு, இருந்த சாட்சியையும் அழிச்சுட்டாங்க.”

“இடம் மாறியிருக்கலாங்க சார். ஆனா எந்தக் கல்லு எந்தக் கொல்லையில கெடச்சுதுன்னு அந்தந்த ஊட்டுக்காரங்களுக்குத் தெரியும்.”

“ஞாபகத்த சாட்சியா எடுத்துக்க முடியாது. நீங்க இந்த ஊர்க்காரங்க வேற. உங்களால தள்ளி நின்னு பாக்க முடியாது.”

சுருக்கென்றது. எங்கள் ஊரைப் பற்றி எழுத எங்கிருந்தோ வந்தவர்களுக்கெல்லாம் இருந்த தகுதி, இங்கே பிறந்ததால் மட்டும் எனக்கு இல்லாமல் போகுமா? ஞாபகம் பொய்யா மெய்யா என்பதையும் சோதித்துத்தான் பார்க்கலாமே என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு கோடை முழுக்க அதே வேலை. ஒவ்வொரு கல்லின் படத்தையும் கணவனிடம் தனியாகவும் மனைவியிடம் தனியாகவும் காட்டினேன். பக்கத்துக் கொல்லைக்காரரிடமும் கேட்டேன். மூன்று பேரும் ஒரே இடத்தைச் சொன்ன கற்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, அந்தக் கொல்லைகளில் கயிறு கட்டி, குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். பல இடங்களில் கல் செதுக்கிய சில்லுகள் கிடைத்தன. ஓர் இடத்தில் பாதி செதுக்கி, உடைந்ததால் கைவிட்ட கோடரியே கிடைத்தது. சில இடங்களில் ஒன்றுமே இல்லை. ஒரு குடும்பம் தங்கள் கொல்லையில் கிடைத்ததாக அடித்துச் சொன்ன கல், மஞ்சக்குட்டைப் பக்கம் இருந்து வாழ வந்த மருமகள் பிறந்த வீட்டிலிருந்து எடுத்து வந்தது என்று பிறகு தெரிந்தது. சரியானதையும் தவறானதையும் ஒளிக்காமல் எழுதினேன். பேராசிரியர் இரண்டு முறை படித்தார். “பரவாயில்ல” என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது.

அதன் பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்டார். இந்தக் கற்கள் எந்தப் பாறையிலிருந்து வந்தவை? இந்த மலையிலேயே செய்தார்களா, வெளியிலிருந்து கைமாறி வந்தனவா? அதைச் சொல்ல எந்த ஊட்டுக்காரரின் ஞாபகமும் உதவாது. ஒரு கல்லை நடுவில் அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நியாயமான கேள்விதான். எனக்கும் விடை தெரிய வேண்டும் போலத்தான் இருந்தது.

ஊரில் போய்க் கேட்டேன். அந்த வருடம் பூசை முறை என் பங்காளி வகை அண்ணன் ஒருவருடையது. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். காலையில் பூசை, பிறகு ஏற்காட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டுவார்.

“அறுக்கறதா?” என்றார். “அளந்துக்க, போட்டோ புடிச்சுக்க. அறுக்கறதெல்லாம் ஆவாது கண்ணு. முடிஞ்சுது.”

பேராசிரியரிடம் சொன்னேன். “ஒரே ஒரு கல்லும்மா. அத்தன குவியல்ல யாருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

எடுக்கச் சொன்னது அவராக இருக்கலாம். எடுத்தது நான்தான். ஒரு மத்தியானம் கோயிலில் யாரும் இல்லாதபோது, குவியலின் பின்புறமிருந்து ஒரு கல்லை எடுத்துத் துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். மறுநாள் அதே அண்ணனின் ஜீப்பில்தான் ஏறினேன். பையைத் தூக்கி முன்னால் வைத்தவர், “என்ன புள்ள, இந்தக் கனம் கனக்குது?” என்றார். “புஸ்தகமுங்கண்ணா” என்றேன். ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மடியில் இருந்த பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கல் அறுக்கும் கூடத்தில் இருந்த பணியாளர் கல்லைத் திருப்பிப் பார்த்து, நடுவில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்தார். அறுக்கும் வட்டின் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டார். பிறகு நினைவு வந்தவராக ஒரு பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். கல்லின் எடை, கிடைத்த ஊர் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டம், ‘அளித்தவர்’. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் அளிக்கவில்லை.

“ஏதாச்சும் போடுங்க மேடம். ‘கள ஆய்வு’ன்னு போட்டாக்கூடப் போதும்.”

“தண்ணிய நிறுத்துங்க” என்றேன்.

கோட்டைத் துடைத்துக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தொலைபேசியில் பேராசிரியர், “உணர்ச்சிவசப்படறீங்க” என்றார். இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் எழுத என்னிடம் உண்மையான ஒரு பெயர் இல்லை என்பது வெறும் உணர்ச்சியா?

திரும்பும்போது ஜீப்பில் கடைசி ஆளாக நான் மட்டும் மிஞ்சும்வரை காத்திருந்து, அண்ணனிடம் சொன்னேன். அவர் எஸ்டேட் வேலியோரம் வண்டியை நிறுத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

“கீழிருந்து எத்தன பேரு வந்தாங்க. கேட்டாங்க, இல்லீன்னோம், போயிட்டாங்க. நீ கேட்டுட்டு, இல்லீன்னு சொன்ன பொறகும் எடுத்திருக்கற. உன்ற ஊருங்கற தைரியம்தானே?”

தள்ளி நிற்க முடியாதவள் என்று பேராசிரியர் சொன்னதைவிட இது ஆழமாகக் குத்தியது.

“அறுத்திருந்தா உன்ற புஸ்தகத்துல என்னன்னு எழுதியிருப்ப?”

“சேகரிக்கப்பட்டதுன்னு எழுதுவாங்கண்ணா.”

“யாரு சேகரிச்சான்னு?”

“அது வராதுங்க.”

“நொம்ப நல்லா இருக்குது புள்ள உங்க பாஷ” என்று வண்டியைக் கிளப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். என் அம்மா கூட்டத்தில் தலையைக் குனிந்து நின்றாள். ஒரு அத்தை, “படிக்க வெச்சது இதுக்குத்தானா சாமி?” என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். கடைசியில் ஊர் ஒரு முடிவு சொன்னது. கல் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். அளப்பதெல்லாம் இனி கோயிலிலேயே, அண்ணன் எடுத்துக் கொடுக்க நான் அளக்க வேண்டும். செய்த காரியத்தை என் புத்தகத்தில் நானே எழுத வேண்டும்.

எழுதினேன். ஆய்வேட்டில் ஆய்வு முறை பற்றிய இயலில் இருந்தது அது: “ஊர் மறுத்த பின்னும் ஒரு கல்லை நான் எடுத்தேன். அறுக்கும் முன் திருப்பிக் கொண்டுவந்தேன். எனவே கற்கள் எந்தப் பாறையிலிருந்து வந்தவை என்பது இந்த ஆய்வில் அறியப்படவில்லை.”

பேராசிரியர் சிவப்பு மையால் முழுப் பத்தியையும் அடித்தார்.

“இது ஆராய்ச்சிம்மா, வாக்குமூலம் இல்ல. ‘நான்’னு எழுத ஆரம்பிச்சா ஆளாளுக்கு ஒரு உண்மை வந்துடும். பௌதிகத்துல யாராச்சும் ‘நான் தராசுல வச்சேன்’னு எழுதறாங்களா?”

“தராசுல வெச்சது யாரோடதுங்கற கேள்வி அவங்களுக்கு வர்றதில்லீங்க சார். எனக்கு வந்துருச்சு. ஆளு இல்லாம கல்லு எப்படிங்க ஆய்வுக் கூடத்துக்கு நடந்து வரும்?”

“‘சேகரிக்கப்பட்டது, பின் திருப்பி அளிக்கப்பட்டது’ன்னு ஒரு வரி போடுங்க. கையெழுத்துப் போடறேன்.”

“அப்படி எழுத மாட்டனுங்க சார்.”

மாதக்கணக்கில் கையெழுத்து வரவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது. அந்தப் பருவத்தில் அம்மாவோடு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனேன். கூலிக் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் என்னைப் பார்த்து, “டாக்டரம்மா வந்தாச்சா?” என்பார். “ஆமாங்க, கூடையக் குடுங்க” என்பேன். வெட்கம் முதல் வாரத்தோடு போய்விட்டது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு வரியை மாற்றினால் முடிந்துவிடும் என்று அம்மாகூடச் சொன்னாள். நான் அசையவில்லை.

கடைசியில் அவர்தான் கூப்பிட்டார். கையெழுத்துப் போட்டார். கூடவே, அந்தப் பத்தியில் நெறியாளருக்கு உடன்பாடில்லை என்று தனியாக ஒரு பக்கம் எழுதித் தம் பெயரோடு இணைத்திருந்தார். “நான் உடன்படவில்லை” என்றே அது தொடங்கியது. அவர் அதைக் கவனித்தாரா தெரியாது. நானும் சுட்டிக்காட்டவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அங்கேயே கைவைத்தார். பாறை எதுவென்று தெரியாமல் அந்த மக்களின் கொடுக்கல் வாங்கல் பற்றி என்ன சொல்ல முடியும்?

“ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. அந்த இடம் காலி. அதுக்குப் பொறுப்பு நான்தான்” என்றேன்.

அவையில் யாரும் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார்கள். பின்வரிசையில் வெள்ளைச் சட்டையில் அண்ணன் எழுந்தார். அவர் வருவது எனக்கே தெரியாது.

“ஏனுங்க, பெரியவங்க மன்னிக்கோணும். நாங்க கும்பிட்டதால சாட்சி கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க. நாங்க எடுத்து வெக்கலீன்னா இந்நேரம் ரோட்டுக்கு ஜல்லியா போயிருக்குமுங்களே, அத யாரு எழுதுவாங்க?”

பேராசிரியர் தம் குறிப்பேட்டைத் திறந்து எதையோ எழுதினார்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன மாதம் பேராசிரியரிடமிருந்து செய்தி வந்தது. அறுக்காமலே, கையடக்கமான ஒரு கருவியால் எக்ஸ்-கதிர் பாய்ச்சிக் கல்லின் சேர்மானத்தை அறியலாமாம், கொண்டுவர ஆளும் இருக்கிறாராம். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது கோயிலில் எல்லோருக்கும் படம் வரைந்து விளக்கினேன். கதிர் பட்டால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அத்தை கேட்டாள். வேறு ஒரு கல்லில் முதலில் செய்து காட்டு என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று கலைந்துவிட்டார்கள்.

“எத்தன வருஷம் காத்திருப்பீங்க?” என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். அவர்கள் சொல்லும்வரை என்று பதில் அனுப்பினேன். ஒருவேளை முடியாது என்றே சொல்வார்கள். அப்படியானால் அதையும் எழுதுவேன்.