காக்களூரில் உறங்கிய விஸ்கி

விஸ்கி என்றால் என்ன என்று மணியம்மாளுக்குத் தெரியாது. சாராயம் தெரியும். மதுவிலக்குக் காலத்தில் ஏரிப்பக்கத்துப் புதர்களில் காய்ச்சி, பானையோடு மண்ணில் புதைத்து வைப்பார்கள். போலீஸ் வந்தால் கொட்டிவிட்டு ஓடுவார்கள். எழுபத்தொன்றில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். அடுத்த வருஷமே காக்களூரில் ஒரு கம்பெனி காம்பவுண்டுச் சுவர் எழுப்பியது. ஐப்பசி கடைசியில், பெண்ணாட்களுக்கு வேலை இருக்கிறது என்று ஊருக்குள் சொல்லி அனுப்பினார்கள்.

மணியம்மாளின் கணவன் பரசுராமனுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. அந்த வருஷம் ஏரி பாதிகூட நிரம்பவில்லை.

"இன்னாமே, சாராயக் கம்பெனிக்கா போற?" என்றான் அவன்.

"நெல்லு மாதிரி ஒண்ணு கீதாம்யா. அதை ஊறப் போட்டு மொளை கட்டணுமாம். அதுக்குத்தான் ஆளு."

பரசுராமன் சிரித்துவிட்டான். "வெதை நெல்லு மொளை கட்டறவளைக் கூப்ட்டு விஸ்கி செய்யப் போறாங்களா? போய்ட்டு வா. அப்படி இன்னாதான் செய்யறாங்கன்னு வந்து சொல்லு."

அது பார்லி. குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிற பார்லிதான். உமியோடு மூட்டை மூட்டையாக வடக்கேயிருந்து வந்திருந்தது. தொட்டியில் ஊறவைத்து, நீரை வடித்து, நீளமான சிமெண்டுத் தரையில் கணுக்காலளவு பரப்பினார்கள். அதற்கப்புறம் மணியம்மாளும் மற்றப் பெண்களும் மரப்பலகையால் அதைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புரட்டாவிட்டால் அடியில் சூடேறி வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். குளிர்காலத்தில்தான் இந்த வேலை நடக்கும். மார்கழிப் பனியில் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தால், வெறுங்காலுக்கு அடியில் தானியம் வெதுவெதுவென்று இருந்தது. வெள்ளரிக்காயை நறுக்கினாற்போல ஒரு வாசம். வெளியே ரோட்டில் லாரி போகும் சத்தம் எங்கோ தொலைவில் கேட்பதுபோலத் தோன்றும். புரட்டிக்கொண்டே மணியம்மாள் தன்னை மறந்துவிடுவாள். சாப்பாட்டு மணி அடித்தது தெரியாமல் பலகையோடு நின்றிருக்கிறாள்.

கம்பெனியின் கெமிஸ்ட் ராமபத்ரனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. திருவள்ளூர் கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருக்கும். மைசூர்ப் பக்கம் ஒரு ஆலையில் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். விஸ்கியில் தண்ணீர் கலந்து மோந்து பார்ப்பார், அவ்வளவுதான்; உதட்டில் பட விடமாட்டார். சாயங்காலம் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாராம். கேட்டதற்குப் பதில் சொல்ல அவருக்குப் பிடிக்கும். மணியம்மாளுக்குக் கேட்கப் பிடிக்கும்.

"மொளை உட்டதை ஏன் சார் சூளையில போட்டுக் கருக்கறோம்? பாவமா கீது."

"முளை விடறச்சே தானியத்துக்குள்ள இருக்கற மாவு இனிப்பா மாற ஆரம்பிக்கும் மணியம்மா. செடியா வளர்ந்துடுத்துன்னா அந்த இனிப்பைச் செடியே சாப்பிட்டுடும். அதுக்குள்ள நிறுத்தியாகணும். மால்ட்னு சொல்றோமே, அது இதுதான். ஒண்ணை வாயில போட்டுப் பாருங்கோ."

அவள் கடித்துப் பார்த்தாள். பொரிபோல மொறுமொறுப்பு; உள்ளே தித்திப்பு. அன்று மடியில் ஒரு பிடி முடிந்துகொண்டு போய்ப் பரசுராமனுக்குக் கொடுத்தாள். அவன் மென்றுகொண்டே, "இதையே வித்தா ஆவாதா?" என்று கேட்டான்.

மால்ட்டை அரைத்து வெந்நீரில் கரைத்து, வடித்த இனிப்பு நீரில் ஈஸ்ட் போடுவார்கள். தொட்டி பொங்கி நுரைக்கும். பிறகு கோபுரக் கலசத்தைப் பெரிதாக்கி வைத்ததுபோல இருந்த செம்புக் கொதிகலனில் இரண்டு தரம் காய்ச்சுவார்கள். முதலில் இறங்குவதையும் கடைசியில் இறங்குவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் பிடிப்பார்கள். அது வெறும் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"கலரே இல்லியே சார்?"

"மரம் குடுக்கும். அவசரப்படக் கூடாது."

ஓக் மரப் பீப்பாய்கள் பலகை பலகையாகப் பிரித்துக் கப்பலில் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து லாரியில் வந்தன. அவற்றைப் பூட்டிச் சேர்க்க வந்த பம்பாய் ஆள் ஒருவர், கசியாமலிருக்கப் பலகைகளின் இடுக்கில் காய்ந்த நாணல்போல எதையோ செருகினார். மணியம்மாள் கையில் வாங்கிப் பார்த்தாள். சம்பங்கோரை. அடுத்த நாள் ஏரியிலிருந்து ஒரு கட்டு அறுத்து வந்து போட்டாள். அந்த மனிதர் இந்தியில் என்னவோ சொல்லி அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். ஊருக்குக் கிளம்பும்முன், கசியும் பீப்பாயை அடைக்கிற விதத்தையும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து அவளுக்குப் பீப்பாய்களை அடுக்கிய கிடங்கில் வேலை.

எழுபத்தி நாலில் மதுவிலக்கு திரும்பவும் வந்தது. கொதிகலன் அடங்கியது, மற்றப் பெண்கள் கலைந்தார்கள். காய்ச்சியது பீப்பாயில் கிடந்தது. அதை விற்கவும் முடியாது, கொட்டவும் மனம் வராது. கிடங்குக் கதவில் இரண்டு பூட்டு தொங்கியது. ஒன்று கம்பெனியுடையது, இன்னொன்று கலால் இலாகாவுடையது. வாரத்தில் சில நாள் கலால் காவலர் தணிகாசலம் வந்து திறப்பார். அவர் வாசலில் நாற்காலி போட்டுத் தூங்குவார். மணியம்மாள் உள்ளே போய்த் தரையில் தண்ணீர் தெளிப்பாள். காற்று உலர்ந்தால் பலகை சுருங்கிக் கசியும்.

அவள் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியான நாட்கள் அதற்கு முன் இருந்ததில்லை. மேலே இருந்த சின்ன ஜன்னலிலிருந்து ஒற்றை வெயில் கோடு இறங்கி, பீப்பாய்களின் வயிற்றைத் தடவிக்கொண்டே மெல்ல நகரும். மரம் எப்போதாவது டிக்கென்று முனகும். பழுத்த பலாவும் பழைய புத்தகமும் நனைந்த கயிறும் கலந்தாற்போன்ற வாசம் தலைக்கு மேல் நிற்கும். ஒரு பீப்பாயில் சாய்ந்து உட்கார்ந்தால், முன்பின் பார்த்திராத ஒரு வயல் அவள் கண்ணுக்குத் தெரியும். கோதுமை நிறக் கதிர்கள், குளிர்ந்த காற்று, ஆள் நடமாட்டமே இல்லை. அங்கே அவள் நடந்துகொண்டே இருப்பாள். தூங்கினாளா விழித்திருந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

ராமபத்ரன் பீப்பாய்க்குள் அளவுகோலை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். "வருஷா வருஷம் இறங்கிண்டே போறது. மூடின பீப்பாய்லேர்ந்தும் ஆவியாப் போயிடும். தேவதைகள் குடிக்கற பங்குன்னு வெள்ளைக்காரன் சொல்வான். அவா ஊர்ல கொஞ்சமாத்தான் போகும்."

"நம்ம ஊரு வெயிலுக்குத் தேவதைங்களுக்கும் தாகம் எடுக்காதா சார்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தணிகாசலம் திடுக்கிட்டு விழித்து, "இன்னா, இன்னா?" என்றார்.

எழுபத்தாறு ஆவணியில் அனுமதி வந்தது. எல்லைக்கு அப்பால், மதுவிலக்கு இல்லாத சூளூர்ப்பேட்டையில் ஒரு முதலாளி பீப்பாய்களை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. வழியில் கசிந்தால் அடைக்க ஆள் வேண்டும் என்று ராமபத்ரன் மணியம்மாளையும் லாரியில் ஏற்றிக்கொண்டார். கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் உப்புக் காற்று அடித்தது. எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் அனுமார் வாலாக நின்றன. வெயில் ஏறியது. மணியம்மாள் லாரி மேலேறி, பீப்பாய்கள் மேல் போட்டிருந்த சாக்குகளை நனைத்தபடி இருந்தாள். பக்கத்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, மீன் லோடா?" என்றான்.

"தூங்கற புள்ளைங்க. சத்தம் போடாத" என்றாள்.

சூளூர்ப்பேட்டையில் ஒரு பீப்பாயைத் திறந்தார்கள். உள்ளே போனபோது தண்ணீராக இருந்தது, தேன் நிறத்தில் வெளியே வந்தது. முதலாளி தெலுங்கில் என்னவோ சொல்லி, அவள் உள்ளங்கையிலும் சில சொட்டு விட்டார்.

ராமபத்ரன் தயங்கினார். "இஷ்டம் இருந்தா மட்டும்."

அவள் நாக்கில் வைத்தாள். முதலில் எரிந்தது. எரிச்சல் அடங்கியதும் ஒரு வெதுவெதுப்பு நெஞ்சில் இறங்கி, அங்கேயே கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. கிடங்கின் இருட்டு முழுக்க வாய்க்குள் வந்தாற்போல் இருந்தது. அவளுக்குக் காரணமில்லாமல் கண் நிறைந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் கீது சார். இதுக்கு மேல குடிச்சா கெட்டுப் போயிடும்."

ராமபத்ரன் அங்கேயே வேலையில் அமர்ந்தார். சூளூர்ப்பேட்டையிலும் மால்ட் போடப் போகிறார்கள், குளிர்கால மாதங்களில் வந்து இருக்க முடியுமா என்று கேட்டார். அவள் ஊர் திரும்பிப் பரசுராமனிடம் சொன்னாள். ஏரி மறுபடியும் வறண்டிருந்தது. அவன் ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

"நீ போய்க்கினு நான் இங்க குந்திக்கினு இன்னா பண்றது? நானும் வரேன்."

கார்த்திகையில் இருவரும் எளாவூரில் ஓர் அறை பிடித்தார்கள். விடிந்ததும் நாஷ்டா முடித்துக்கொண்டு எல்லை தாண்டிப் பஸ்ஸில் போனார்கள். முதல் நாள் பரசுராமன் பலகையை வாங்கி, வரப்பு வெட்டுகிற வேகத்தில் பார்லியைத் தள்ளினான். மணியம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, பலகையை எந்தச் சாய்வில் விட வேண்டும் என்று காட்டினாள். அவன் அதே சாய்வில் புரட்டத் தொடங்கினான். சற்று நேரத்தில் அவன் முகமும் மெல்ல இளகியது. சாப்பாட்டு மணி அடித்தபோது இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.