கீறாமல் விட்ட இடம்

வானொலி நிலையத்தில் எல்லோரும் அவரைத் தட்டக்கா என்றே கூப்பிட்டார்கள். இசைத்தட்டு அறை அவர் பொறுப்பில் இருந்தது. அடுத்த அறையில் நான் ஒலிபரப்புக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

அது ஜன்னல் இல்லாத அறை. இரும்பு அலமாரிகளில் எல்.பி. தட்டுகள் நின்றபடியே இருக்கும். படுக்கவைத்து அடுக்கினால் வளைந்துவிடும். ஓர் அலமாரி முழுக்கப் பாடகிகள். முழங்கை வரை கையுறை போட்டவர்கள், பியானோமேல் சாய்ந்தவர்கள், மைக்கைக் கன்னத்தோடு சேர்த்துக் கண்மூடியவர்கள் என்று ஒவ்வோர் அட்டையிலும் ஒரு முகம். அவற்றில் ஒன்று தட்டக்காவின் தங்கை முகம்.

தங்கை ஒரு பெரிய ஓட்டலில் ஜாஸ் பாடிக்கொண்டிருந்தவர். ஒரு கம்பெனி அங்கேயே வந்து, ஒரு மாலை நிகழ்ச்சியை அப்படியே பதிவுசெய்து வெளியிட்டது. கோப்பைகள் உரசும் ஓசை, கைதட்டல், பாட்டுகளுக்கு நடுவே அவர் அடித்த கிண்டல் எல்லாம் அதில் உண்டு. அவர் குரலில் வந்த தட்டு அது ஒன்றுதான்.

பிறகு ஆட்சி மாறியது. ஓட்டல் பாட்டுகள் ஒழுக்கத்தைக் கெடுப்பவை, இனி ஒலிபரப்பக் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவோடு ஓர் அதிகாரியும் வந்தார்.

"அப்ப எல்லாத்தையும் உடைச்சுடலாமா சார்?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார்.

"உடைக்கிறதா? அரசாங்கச் சொத்துய்யா! பாட்டை மட்டும் ஆணியால கீறி விடுங்க. போட்டா ஓடக் கூடாது, எண்ணினா குறையக் கூடாது."

தட்டக்கா அளவுகோல் வைத்துக் கீறினார். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஒரே நேர்க்கோடு. மயிரிழை கூடாது, குறையாது. தங்கையின் தட்டு கைக்கு வந்த அன்று ஒலிப்பதிவாளரால் பொறுக்க முடியவில்லை.

"இதையாவது லேசா கீறுங்கக்கா. மேலாக்கக் கோடு தெரிஞ்சா போதும், ஊசி தாண்டி ஓடிடும்."

"நான் இவ அக்கான்னு அந்த ஆளுக்குத் தெரியும். நாளைக்கு வந்து முதல்ல இதைத்தான் போட்டுப் பாப்பான்."

"அதுக்காக இப்படி ஏர் உழுத மாதிரியா?"

"நீங்க உங்க வேலையைப் பாருங்க."

மறுநாள் அதிகாரி வந்தார். முதலில் அதைத்தான் போட்டார். ஊசி துள்ளிக் குதித்தது. "வெரிகுட்" என்று சொல்லிவிட்டு மற்ற தட்டுகளைப் பார்க்காமலே போனார்.

வீட்டில் தங்கையிடம் சில பிரதிகள் இருந்தன. "ஒண்ணு இருந்தாலும் என் வேலைக்கு வேட்டுதான்டி. அம்மா மருந்துக்கு எங்க போறது?" என்றார் தட்டக்கா. தங்கை தானே அவற்றை வெந்நீர் அடுப்பில் போட்டார். அந்த நாற்றம் துணிமணியிலெல்லாம் ஏறி, போக வெகுநாள் ஆனது. நிலையத்துத் தட்டைப் பற்றித் தங்கை கேட்டபோது, "ஆபீஸ்ல யாரோ கீறிட்டாங்க" என்று தட்டக்கா சொன்னதோடு சரி.

தங்கை ஒரு தையற்கடையில் காஜா எடுக்கப் போனார். அதன்பின் அவர் பாடவில்லை. சமையலறையில் ஒரு முணுமுணுப்புகூடக் கிடையாது. இருவருமே கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் கிழவிகளானார்கள்.

தங்கைக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்; மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை. பேச்சுக்கு ஒரு சிலேட். அதில் ஒருநாள் எழுதினார்: "என் குரலைக் கேக்கணும்."

தட்டக்கா பழைய தட்டு விற்கும் கடைகளில் ஏறி இறங்கினார். துணைக்கு நானும் போனேன். ஒரு கடைச் சுவரில் தங்கை சிரித்துக்கொண்டிருந்தார். அட்டைக்குள் இருந்தது வேறொரு பாடகியின் தட்டு.

"இதுல இருந்த தட்டு எங்கப்பா?"

"இப்ப அட்டையைத்தான்மா கேட்டு வாங்குறாங்க, சுவர்ல மாட்ட. தட்டைச் சூடு பண்ணிக் கிண்ணமா வளைச்சு வித்துட்டேன். சாவி போட்டு வைக்க நல்லாருக்கும். வேணும்னா வேற கிண்ணம் இருக்கு, காட்டவா?"

தட்டக்கா கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஸ்டேஷன்ல ஒண்ணு இருக்குமே" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

எண்ணினால் குறையக் கூடாது என்ற உத்தரவின் புண்ணியத்தில் அது பத்திரமாக இருந்தது. நிலையத்தில் கேட்டு வாங்கி, என் பிளேயரோடு அவர்கள் வீட்டுக்கு நான்தான் தூக்கிப்போனேன். தங்கையைத் தலையணை வைத்து உட்காரவைத்தோம். கைதட்டல் கேட்டது. பியானோ தொடங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். ஊசி துள்ளி, பாட்டின் கடைசிக்கே வழுக்கிப் போய்விட்டது. அடுத்து வந்தது பேச்சு. இளமையான, குறும்பான குரல்.

"அடுத்த பாட்டு எங்க அக்காவுக்கு. அதோ, கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவதான். பாட்டு கேக்க வரலைங்க. நான் யார்கூட வீட்டுக்குப் போறேன்னு பாக்க வந்திருக்கா."

கூட்டம் சிரித்தது. மறுபடி 'டக்'.

தங்கை கையை நீட்டித் தட்டை வாங்கினார். வெளிச்சத்துக்குச் சாய்த்து, கோடுகளை விரல்நுனியால் தடவினார். ஒரு கோடாவது பேச்சின்மேல் ஏறவில்லை. சிலேட்டில் எழுதினார்: "இவ்வளவு நேர்த்தியா வேற யாரு கீறுவா?"

தட்டக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினார். தங்கை சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மீண்டும் அந்தச் சிலேட்டை எடுக்கவே இல்லை. மருந்து, கஞ்சி எல்லாம் வீட்டுக்கு வரும் நர்ஸ் கையால்தான் வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் தட்டக்கா தினமும் ஊசியை அந்த ஓர் இடத்தில் வைத்து, பாட்டு தொடங்குமுன் தூக்கிவிடுவார். அந்தக் கைக்குத் தவறவே தவறாது. கூட்டம் சிரிக்கும்போது தங்கையின் முதுகு குலுங்கும். குரல்வளை இல்லாதவர்கள் சிரித்தாலும் சத்தம் வராது, அழுதாலும் வராது. முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். அவர் உயிர் போகும் வரை அந்த முகம் எங்கள் பக்கம் திரும்பவில்லை.