ஒரு நாள் முந்தி வந்த விருந்தாளி

வொங் மாமா போய்விட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் என் வேலைத்தலத்துக்கு வந்தது. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற பட்டறை அது. இயந்திரங்களின் இரைச்சலில் தொலைபேசி மணி ஒருநாளும் ஒழுங்காகக் கேட்பதில்லை. மேற்பார்வையாளர் வந்து தோளில் தட்டினார். மறுமுனையில் அவருடைய மகள், என் மனைவி லின். எங்களுக்குள் பேச்சு எப்போதும் ஆங்கிலம்தான். அன்று அவள் தமிழில், "அப்பா போயிட்டார்" என்றாள். என் அம்மா தன் கணவரைப் பற்றிச் சொல்லும்போது கேட்டுக் கேட்டுப் பாடமான வார்த்தை. வேலை அங்கியைக் கூடக் கழற்றாமல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஸ்காபரோவில் எங்கள் தெருவில் இருக்கிற தமிழர்களுக்கு அவர் 'பாவக்காய் அங்கிள்'. ஒவ்வொரு கோடையும் பின்வளவில் பந்தல் போட்டுக் காய்க்கப் பண்ணி, வேலிக்கு மேலால் நீட்டுவார். எங்கள் ஆட்கள் பதிலுக்குப் பாகற்காயை மெல்லிசாகச் சீவிப் பொரித்துக் கொடுத்தால், ஒன்றை வாயில் போட்டு மென்று, "கருகிவிட்டது. நல்லாயிருக்கிறது" என்பார். இரண்டும் உண்மையான அபிப்பிராயம். அவர் சமையற்காரர், சாப்பாட்டு விஷயத்தில் முகத்துக்காகப் பேச மாட்டார்.

இறுதிச் சடங்குக்கு வந்திருந்த அயலவர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லும், அந்த மனுசனிட்டை எப்பிடித் துணிஞ்சு பொம்பிளை கேட்டனீர்?" என்றார். நான் கேட்கவேயில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பட்டினி கிடந்தேன், அவ்வளவுதான். அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டிய நேரம் இது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நானும் அம்மாவும் பார்க்டேலில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். லின் என்னுடன் அதே பட்டறையில் வேலை செய்தாள். இரண்டு வருடம் ஒளித்துப் பழகிய பிறகு, தன் தகப்பனிடம் என்னைப் பற்றிச் சொன்னாள். அவர் சம்மதமும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. "கூட்டிக்கொண்டு வா. சாப்பிடுகிறானா பார்ப்போம்" என்றாராம். ஆளை எடைபோட அவருக்குத் தெரிந்த இடம் சாப்பாட்டு மேசை ஒன்றுதான். அவர் சமைக்கிற உணவகத்தில் கூட்டம் நெரிகிற ஞாயிற்றுக்கிழமையில், அதுவரை எடுக்காத விடுமுறையை எனக்காக எடுத்தார். அந்த நாளில் நான் தோற்றால் இன்னொரு நாள் கிடைக்காது என்று லின் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றா.

"தம்பி, நாளைக்கு ஆடி அமாவாசை. ஞாபகம் இருக்கோ?"

"நாளைக்கோ?"

"ஓம். போறதெண்டாப் போ, நான் மறிக்கேல்லை. மீன் மச்சம் மட்டும் தொட்டிடாதை. காகத்துக்கு வைக்காமல் வாயிலை ஒண்டும் வையாதை."

அப்பா ஊரில் இறந்தபோது நான் இங்கே அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். போக வழியில்லை. ஒற்றைப் பிள்ளையாயிருந்தும் கொள்ளி வைக்கவில்லை. அவருக்கு நான் செய்ய மிஞ்சியது அமாவாசை விரதம் ஒன்றுதான். அதையும் ஒரு பெண்ணுக்காக விட்டால் நான் என்ன பிள்ளை? ஆனாலும் லின்னுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நாளை மாற்றச் சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்ற பயம். எப்படியோ சமாளிக்கலாம் என்று நினைத்தேன். மடத்தனம்.

அடுத்த நாள் மத்தியானம் அந்த வீட்டில் எல்லாம் அமைதியாகத்தான் தொடங்கியது. மாமி சிரித்தபடி தேநீர் ஊற்றினா. அவவுக்கு ஆங்கிலம் தெரியாது. மாமா என் செருப்பிலிருந்து தலைமயிர்வரை ஒருதரம் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் நீளத் தட்டு. முழு மீன், இஞ்சியும் வெங்காயத் தாளும் தூவி அவித்தது. அதன் தலை என் பக்கம் பார்க்கும்படி தட்டைத் திருப்பி வைத்தார். விருந்தாளிக்கு அவர்கள் செய்கிற மரியாதை அது என்று லின் காதுக்குள் சொன்னாள். அந்த மீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு வயிறு சரியில்லை" என்றேன்.

லின் திடுக்கிட்டுப் பார்த்தாள். மாமா எழுந்து போனார். கால்மணி நேரத்தில் ஆவி பறக்க ஒரு கோப்பைக் கஞ்சி வந்தது. "வயிற்றுக்கு நல்லது" என்றார். குனிந்து மணந்து பார்த்தேன். கோழிச்சாறு. மேலே கோழி இறைச்சியும் நூலாகக் கிழித்துப் போட்டிருந்தது. அவருடைய ஆங்கிலம் நாலைந்து சொல்லுக்குள் முடிந்துவிடும், ஆனால் அந்தக் கஞ்சியில் இருந்த கரிசனை எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொன்னேன். இன்று அமாவாசை. என் அப்பா இறந்துவிட்டார். அவருக்காக இன்று நான் மீன், இறைச்சி தொடுவதில்லை."

லின் உடனே மொழிபெயர்க்கவில்லை. "இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று முதலில் என்னைத்தான் கேட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தகப்பனுக்குச் சீன மொழியில் சொன்னாள். மாமாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே தொங்கிய நாட்காட்டிக்குக் கிட்டப் போனார். தினம் ஒரு தாள் கிழிக்கிற கலண்டர். அன்றைய தாளைத் தூக்கி அடுத்த தாளைப் பார்த்தார். மாமியிடம் ஏதோ சொன்னார். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

என்னிடம் திரும்பி, "நீ ஒரு நாள் முந்தி வந்துவிட்டாய்" என்றார்.

லின் விளக்கினாள். அவர்களுடைய மாதம் அமாவாசையை ஒட்டித்தான் பிறக்கிறது. நாளைச் சீனாவின் நேரப்படி கணக்கிடுவதால் சில வேளை எங்களுக்கு அடுத்த நாள் அவர்களுக்கு முதலாம் நாளாகிறது. ஒவ்வொரு மாதமும் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் மாமி மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவா. அதிலும் அடுத்த நாள் பிறப்பது ஏழாம் மாதம். இறந்தவர்களுக்குப் படைக்கிற மாதம். குசினியில் காளானும் சோயாத் தயிர்க்கட்டியும் மறுநாளுக்காக ஏற்கெனவே தயாராக இருந்தன.

மாமா தாச்சிச் சட்டியை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். வெங்காயம் போடலாம், எங்களுக்கு அது தடையில்லை என்றேன். "கூடாது" என்றார். உள்ளிப்பூண்டும் கூடாதாம். என் அம்மாவை விடக் கடும் விரதக்காரர்.

சாப்பாடு வந்ததும் இன்னொரு சங்கடம். காகம். இவ்வளவும் சொன்னபிறகு இதை மட்டும் ஏன் ஒளிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறும் காளானும் எடுத்து என் கையில் தந்து, பின்கதவைத் திறந்தார். பாகற்பந்தல் ஓரமாக வைத்துவிட்டு இருவரும் நின்றோம். பத்து நிமிடம் போனது. காகம் வரவில்லை. வேலி வழியாக ஒரு கறுப்பு அணில் இறங்கி வந்து, நேரே கிண்ணத்துக்குள் தலையை விட்டது. நான் துரத்தப் போனேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"கறுப்புத்தானே?" என்றார். "காணும், போதும். வா, சாப்பிடு."

நான் மூன்று கோப்பைச் சோறு சாப்பிட்டேன். அப்பா போனபிறகு விரதச் சாப்பாடு தொண்டையில் சிக்காமல் இறங்கியது அன்றைக்குத்தான். எதிரே மாமா மீனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது வாசலில் லின்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார். பஸ் தரிப்பிடத்தில் எவ்வளவு கெஞ்சியும் அவள் உடனே சொல்லவில்லை. பஸ் வந்த பிறகுதான் சொன்னாள்.

"அவனுக்குப் பொய் சொல்ல வராது. அது போதும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தத் தாள் கலண்டர் ஒன்று எனக்கும் வரும். என் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, கோயில் கலண்டரோடு ஒத்துப்பார்த்து, என் அமாவாசைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் தருவார். இருவருக்கும் பொதுவாய் ஒரு மொழி இல்லை. அம்மா ஆங்கிலத்தில் மாதமும் திகதியும் சொல்லுவா, அவர் "ஓகே, ஓகே" என்பார். ஒரு வட்டமும் பிழைத்ததில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் முதல் நாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். "நாளைக்கு" என்ற ஒரு சொல். வைத்துவிடுவார்.

இந்த வருடம் பனி உருகி முடிகிற நாட்களில் அவர் போனார். யன்னல் விளிம்பில் தயிர்க் கோப்பைகளில் அவர் போட்ட பாகல் விதைகள் இப்போது இரண்டிரண்டு இலை விட்டிருக்கின்றன. அயலவர்கள் வந்து ஆளுக்கு இரண்டு நாற்று எடுத்துப் போங்கள், மாமி கொடுப்பா. பந்தலை உயரமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வரும்.

போன கிழமை நான் குசினியில் நின்று கலண்டரைப் புரட்டினேன். மார்கழிவரை எல்லா வட்டங்களையும் அவர் போட்டுத்தான் தந்திருந்தார். ஆடி அமாவாசையின் தாளில் சிவப்பு மை கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது லின் வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு விரதமும் இருந்தவள் இல்லை. மேசையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்தாள், அடுத்த தாளைத் தூக்கினாள், அதிலும் ஒரு வட்டம் போட்டாள்.

"நீ உன் அப்பாவுக்கு இரு. அடுத்த நாள் நான் என் அப்பாவுக்கு இருக்கிறேன்" என்றாள்.

"இரண்டு நாளும் இரண்டு பேரும் இருப்போம்" என்றேன்.

வொங் மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்: விரதத்துக்கு இன்னும் ஒரு நாள். பின்கதவையும் திறந்து வைப்போம். எது வந்தாலும் கறுப்பாயிருந்தால் காணும்.